டிப்ளமா வாங்கும் முன் யோசியுங்கள்: அமெரிக்காவில் 18 வயதுக்குப் பிறகு சிறப்புக் கல்வி

அமெரிக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி 18 வயதோடு முடிவதில்லை. ஐ.டி.இ.ஏ. என்ற மத்தியச் சட்டம் (மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கானது) 22-ஆவது பிறந்தநாள் வரை அதற்கு வழி செய்கிறது. ஆனால் 18-க்கு மேற்பட்ட வயதுக்கு மாநிலம் தன் வயது வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம், கூட்டவும் செய்யலாம். டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 21 வயது என்றால் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை படிக்கலாம். மிச்சிகனில் அதே தேதியில் 26 நிரம்பாதிருந்தால் போதும். எனவே முதலில் உங்கள் மாநிலத்தின் தேதியைப் பாருங்கள். பிறந்தநாள் ஒரு வாரம் முன்பின் ஆனாலே ஓர் ஆண்டு போய்விடும்.

ஹவாய் 20 வயதில் நிறுத்தியது. மற்றவர்களுக்கு அந்த வயதில் பள்ளிப் படிப்பை முடிக்க இலவச வயதுவந்தோர் பள்ளி நடத்திக்கொண்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களை மட்டும் வெளியே அனுப்ப முடியாது என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021-இல் கனெக்டிகட் வழக்கிலும் இதே நியாயம்தான் வென்றது.

பலர் இடறுவது வயதில் அல்ல, டிப்ளமாவில். பள்ளிப் படிப்பில் முழுத் தேர்ச்சிக்குத் தரும் வழக்கமான உயர்நிலைப் பள்ளி டிப்ளமா கையில் வந்த அன்றே உரிமை முடிகிறது, வயது 18 ஆனாலும் சரி. வருகைச் சான்றிதழோ நிறைவுச் சான்றிதழோ வாங்கினால் உரிமை முடிவதில்லை. பட்டமளிப்பு மேடையில் நண்பர்களோடு நடக்க வைத்து, டிப்ளமாவைத் தள்ளிவைக்கப் பல இடங்களில் வழியுண்டு. பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

டிப்ளமா தருவதற்கு முன் பள்ளி எழுத்துமூல அறிவிப்பு தந்தாக வேண்டும். உடன்பாடில்லை என்றால் பட்டமளிப்பு நாளுக்கு முன்பே முறையீட்டு விசாரணை கோருங்கள். அது முடியும் வரை இப்போதைய சேவை தொடரும். மறுநாள் கோரினால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

இன்னொன்று: பெரும்பாலான மாநிலங்களில் 18-இல் முடிவெடுக்கும் உரிமை பிள்ளைக்கு மாறுகிறது. பள்ளி ஓராண்டு முன்பே சொல்ல வேண்டும். அதன்பின் டிப்ளமா பற்றியும் கையெழுத்து பிள்ளையுடையதுதான். பிள்ளைக்காக நீங்கள் முடிவெடுக்க அதிகாரப் பத்திரமோ பாதுகாவலர் உத்தரவோ வேண்டுமா என்று 17-லேயே யோசிப்பது நல்லது.

கூடுதல் ஆண்டுகள் கிடைத்தும் ஐ.இ.பி.-யில் (பிள்ளைக்கென எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) பழைய எழுத்துப் பயிற்சியே இருந்தால் பயனில்லை. பேருந்தில் தனியே போவது, பணம் கையாள்வது, வேலைத்தளப் பயிற்சி என்று அளக்கக்கூடிய இலக்குகளாக எழுதச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் வேலை பெற உதவும் மாநிலத் தொழில்சார் மறுவாழ்வுத் துறை அலுவலரையும் ஐ.இ.பி. கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். பள்ளி முடிந்தபின் கிடைக்கும் வயதுவந்த மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் தானாக வரும் உரிமை அல்ல. தகுதி பார்ப்பார்கள், பல மாநிலங்களில் காத்திருப்புப் பட்டியலும் உண்டு. பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.