சூயஸ் கால்வாய்: தடைகள் கரைந்த கதை

1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது, நிலத்தால் பிரிந்து கிடந்த செங்கடலும் மத்தியதரைக் கடலும் ஒன்றோடொன்று இணைந்தன. கப்பல்களுக்காக வெட்டப்பட்ட அந்த வழியில் மீன்கள், சிப்பிகள், இறால்கள், பாசிகள் எனப் பலவும் கூடவே நகர்ந்தன. இவ்வாறு மத்தியதரைக் கடலுக்குள் வந்து சேர்ந்த இனங்களின் எண்ணிக்கை இன்று 400-ஐத் தாண்டிவிட்டது. எனினும் வாசல் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. நிலம் என்ற தடை நீங்கிய பிறகும் உப்பு, நன்னீர், குளிர் ஆகிய மூன்றும் காவல் நின்றன. அவை ஒவ்வொன்றாக விலகிய விதத்தில்தான் இந்த இடப்பெயர்ச்சியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

கால்வாயின் இடைவழியில் கசப்பு ஏரிகள் உள்ளன. கால்வாய் வெட்டப்படுவதற்கு முன் அவை வறண்ட பள்ளங்களாக இருந்தன. பெரிய கசப்பு ஏரியின் அடியில் ஏறத்தாழ 13 மீட்டர் தடிப்புக்கு உப்பு உறைந்து கிடந்தது. கடல்நீர் உள்ளே பாய்ந்ததும் அந்த உப்பு கரையத் தொடங்கியதால், ஏரிநீர் பெரும்பாலான கடலுயிர்கள் தாங்க முடியாத அளவுக்குக் கரித்தது. கடுமையான சூழலைத் தாங்கவல்ல சில இனங்களே தொடக்கத்தில் கடந்து வந்தன. செங்கடல் முத்துச்சிப்பி ஒன்று 1874-லேயே எகிப்தின் வடகரையில் பதிவாகியிருப்பது வியப்பளிக்கலாம்; ஆனால் பாதகமான நேரங்களில் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும் சிப்பிகளுக்கு இத்தகைய பயணம் பிற உயிர்களைவிட எளிது, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் அவை வர முடியும். நீரோட்டம் ஆண்டுதோறும் உப்பைக் கரைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஏரிகளின் உவர்ப்பு ஏறக்குறைய வட செங்கடலின் அளவுக்குக் குறைந்துவிட்டது.

இரண்டாம் தடை கால்வாயின் வடமுனையில் இருந்தது. கோடையின் இறுதியில் நைல் நதி பெருக்கெடுத்து, போர்ட் சையது துறைமுகத்தை ஒட்டிய கடற்பரப்பில் நன்னீரைக் கொட்டும். உவர்நீரில் பழகிய உயிர்களுக்கு அந்தப் பரப்பு ஒரு மதிலாக அமைந்தது. அஸ்வான் உயரணை 1960-களில் நைலின் வெள்ளத்தைத் தேக்கத் தொடங்கியதும் இந்த மதில் சரிந்தது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் கட்டப்பட்ட ஓர் அணை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலின் உயிரினப் பட்டியலை மாற்றும் என்று அந்நாளில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

இப்பயணம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகவே நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் கால்வாயின் தென்முனையில் கடல்மட்டம் சற்று உயர்ந்திருப்பதால் நீர் வடக்கு நோக்கி ஓடுகிறது. முட்டைகளும் நுண்ணிய இளம் பருவ உயிர்களும் அந்த ஓட்டத்தில் மிதந்து செல்கின்றன. கோடையின் பிற்பகுதியில் மட்டும் ஓட்டம் திசை மாறுகிறது. அதைவிட முக்கியமானது சேருமிடத்தின் தன்மை என்பது என் கருத்து. மத்தியதரைக் கடலின் உயிரினங்களில் பெரும்பாலானவை அட்லாண்டிக்கிலிருந்து வந்த மிதவெப்ப இனங்கள். வெப்பமும் உவர்ப்பும் மிகுந்த கிழக்குக் கோடி அவற்றின் தாங்குதிறனின் எல்லையில் இருக்கிறது. செங்கடலின் வெப்பமண்டல உயிர்களுக்கோ அதே நீர் ஏறக்குறையப் பழகிய இடம்.

அவற்றுக்கு ஒவ்வாதது குளிர்காலம் மட்டுமே. சிங்கமீனின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1991-ல் இஸ்ரேல் கரையோரம் ஒரு சிங்கமீன் பிடிபட்டது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த இனம் கண்ணில் படவில்லை. 2012-ல் லெபனான் கரையில் மீண்டும் தென்பட்டபோது கடல்நீர் முன்பைவிட வெப்பமாகியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சைப்ரஸ், துருக்கி, கிரேக்கம் எனப் பரவி அது நிலைகொண்டுவிட்டது.

வந்தவை அமைதியாக ஒதுங்கி வாழவில்லை. பாசியை மேயும் இரண்டு ஓரா மீன் இனங்கள், துருக்கியின் தென்கரையிலும் கிரேக்கத்தின் சில தீவுகளிலும் பாசி அடர்ந்திருந்த பாறைகளை மொட்டையாக்கிவிட்டன. பாசி போனால் அதற்குள் ஒளிந்து வளரும் குஞ்சு மீன்களுக்கும் இடமில்லை. 2003-ல் துருக்கியில் முதன்முதலாகப் பதிவான வெள்ளிக்கோட்டுப் பேத்தை மீனின் வாயில், கிளியின் அலகைப் போல இணைந்த நான்கு வலிய பற்கள் உள்ளன. வலையில் சிக்கிய மீன்களைத் தின்பதோடு வலையையும் அது அறுத்துவிடுகிறது, தூண்டில் நரம்பைத் துண்டித்து முள்ளோடு போய்விடுகிறது. அதன் உடலிலுள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் அழியாது என்பதால், அதைப் பிடித்து ஒப்படைக்கும் மீனவர்களுக்குத் துருக்கியும் சைப்ரஸும் பணம் கொடுத்தன. 1970-களில் வந்த ஒரு சொறிமீன் (ஜெல்லிமீன்) இனம் கோடையில் பெருந்திரளாகத் திரண்டு, மின்நிலையங்கள் குளிர்விப்புக்காகக் கடல்நீர் உறிஞ்சும் வாய்களை அடைக்கிறது. ஓரா மீன்கள் சந்தையில் விலைபோகின்றன, சிங்கமீனும் உணவாகிறது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பனாமா கால்வாயில் இந்த அளவுக்கு நிகழாததற்குக் காரணம் அதன் அமைப்பு. 1914-ல் திறக்கப்பட்ட அக்கால்வாயில் கப்பல்கள் மதகு அறைகள் வழியாக, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 26 மீட்டர் உயரத்திலுள்ள காட்டூன் ஏரிக்கு ஏற்றப்படுகின்றன. அந்த நன்னீர் ஏரியைக் கடப்பது பெரும்பாலான கடலுயிர்களால் இயலாது. 2016-ல் பெரிய மதகு அறைகள் வந்த பின் உவர்நீர் ஏரிக்குள் கூடுதலாகப் புகுகிறது, அங்கே கடல்மீன்களும் பெருகுகின்றன. சூயஸிலோ தொடக்கம் முதலே மதகுகள் கிடையாது. 8 மீட்டராக இருந்த ஆழம் இன்று 24 மீட்டர், 2015-ல் 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய தடமும் திறக்கப்பட்டது. கால்வாய் அகலமும் ஆழமும் பெறப்பெற, ஆழத்து நீரில் வாழும் இனங்களுக்கும் வழி கிடைக்கிறது.

கரைந்துபோன உப்புத் தடையைச் செயற்கையாக மீட்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் யோசனை: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கழிக்கும் செறிந்த உவர்நீரைக் கால்வாயின் ஒரு பகுதியில் விட்டு, கசப்பு ஏரிகள் ஒருகாலத்தில் செய்த காவலைத் திரும்பவும் ஏற்படுத்துவது. கப்பல் போக்குவரத்தை நிறுத்தாமலே செய்யக்கூடியது என்பதால் மதகுகள் கட்டுவதைவிட இது நடைமுறைக்கு நெருக்கமானது. ஆனால் புதிதாக வருபவற்றை மட்டுமே அது தடுக்கும். பேத்தையும் சிங்கமீனும் ஓராவும் இப்போது மத்தியதரைக் கடலிலேயே முட்டையிட்டுப் பெருகுகின்றன, அவற்றுக்குக் கால்வாய் இனித் தேவையில்லை.