தருவதாகச் சொன்ன பணத்தில் அஸ்திவாரம் போடாதீர்கள்

பாதியில் நின்றுபோன கத்தோலிக்க ஆலயங்களைப் பார்வையிடப் பொறியாளராகப் பலமுறை போயிருக்கிறேன். தூண்களின் தலையில் கம்பிகள் துருவேறி நிற்கும். பார்க்கவே மனம் கனக்கும். நான் பார்த்தவரையில் வரைபடத்தில் கோளாறு இருப்பது அபூர்வம், கணக்கில்தான் இருக்கும்.

ஒரு பங்கில், அதாவது ஒரு ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், கையிருப்பையும், மக்கள் தருவதாக எழுதிக்கொடுத்த தொகையையும் ஒன்றாகக் கூட்டி, அதை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சுவர் கதவு, ஜன்னல்களுக்கு மேலே போடும் லிண்டல் மட்டம் வந்தபோது பாதிப் பேரால் கொடுக்க முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வீட்டில் வேலை போயிருந்தது, இன்னொரு வீட்டில் மருத்துவச் செலவு. அதனால்தான் சொல்கிறேன்: இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வங்கியில் இருக்கும் பணம் எந்தக் கட்டம்வரை போதுமோ, அதுவரை மட்டும் ஒப்பந்தம் போடுங்கள்.

அடுத்தது அளவு. பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவைக் கூட்டத்தில் எல்லோர் மனதிலும் கிறிஸ்துமஸ் கூட்டம்தான் இருக்கும். சாதாரண ஞாயிறுகளில் ஒவ்வொரு திருப்பலிக்கும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சில வாரங்கள் எண்ணிப் பாருங்கள். நடுவில் தூண் இல்லாத அகலமான கூடம் அழகுதான். ஆனால் ஒரே சீரான பாரம் தாங்கும் உத்திரத்தின் நீளம் இரண்டு மடங்கானால், அதை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். கம்பியும் செலவும் அங்கேதான் ஏறும். பெருவிழாக் கூட்டத்துக்குப் பக்கவாட்டுக் கதவுகளும் கூரை போட்ட வராந்தாவும் போதும்.

மண் பரிசோதனை, மின் இணைப்பு, ஒலி அமைப்பு, இருக்கைகள், மழைநீர் வடிகால் எல்லாம் முதல் மதிப்பீட்டிலேயே வரவேண்டும். அதற்கு மேல் 10 சதவீதமாவது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கச் சொல்வேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பும் இதில் தெளிவாக இருக்கிறது. மறைமாவட்டத் தலைவரான ஆயரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஆலயம் கட்டக் கூடாது (சட்டம் 1215). அவரும் போதிய நிதிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்புதல் தரவேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் (சட்டம் 1267). பீடத்துக்கென்று ஒருவர் தந்ததை, அவசரம் என்று சிமென்ட்டுக்குத் திருப்பக் கூடாது. கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

முன்பு சொன்ன பங்கில், அப்புறம் மாதாமாதம் வரவு செலவை ஆலய வாசலில் ஒட்டினார்கள். முதலில் கொடுக்க முடியாமல் ஒதுங்கியிருந்தவர்களில் சிலர், முடிந்த சிறு தொகையோடு தாங்களாகவே வந்தார்கள். அந்த வருடம் கூரை ஏறியது.