டெல்லியில் பற்பம், செந்தூரம் வாங்குவோர் லேபிளில் பார்க்க வேண்டியவை

பற்பம், செந்தூரம் என்பவை உலோகம், தாது போன்றவற்றைச் சூட்டில் பக்குவம் செய்து எடுக்கும் மருந்துப் பொடிகள். ஆயுர்வேத, சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். விற்கத் தனி உரிமம் தேவையில்லை. கரோல் பாக்கிலோ மயூர் விஹாரிலோ எந்தக் கடையிலும் செந்தூரம் கிடைப்பது இதனால்தான். ஆகவே வாங்குபவருக்குப் பிடிமானம் லேபிள் மட்டுமே.

1945 மருந்து விதிகளின் 161-ஆம் விதிப்படி, சேர்மானங்களும் அவற்றின் அளவும், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். பாதரசம், லிங்கம் (பாதரசத் தாது), தாளகம் (ஆர்சனிக் தாது), மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போன்ற, அதே விதிகளின் இ(1) அட்டவணையில் வரும் நச்சுப் பொருள் சேர்ந்த உள்மருந்தானால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கண்ணில் படும்படி இருப்பது கட்டாயம். இல்லையென்றால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைத்தியர் தன் நோயாளிக்கே தயாரித்துத் தரும் பொட்டலத்துக்கு இந்த உரிமக் கட்டுப்பாடு கிடையாது. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் குழம்புவது ஆய்வக அறிக்கையில். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி 1 முதல் கன உலோகப் பரிசோதனை கட்டாயம்: பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3-க்கு மேல் கூடாது. இதே அளவுகோலை ரசசெந்தூரத்துக்கு வைத்தால் ஒன்றுகூடத் தேறாது. ரசசெந்தூரம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பாதரச சல்பைடு; சுத்தமான பாதரச சல்பைடில் 86 சதவீதம் பாதரசம்தான். அங்கே கேட்க வேண்டியது வேறு: கந்தகத்தோடு சேராத பாதரசம் மிச்சமிருக்கிறதா? சேர்மானத்தில் சொல்லாத ஈயமோ ஆர்சனிக்கோ உண்டா? மொத்த அளவு மட்டும் தரும் பரிசோதனை முதல் கேள்விக்குப் பதில் சொல்லாது. உலோகம் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்று காட்ட எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் வேண்டும்.

நீரில் மிதக்கிறது, விரல் ரேகையில் படிகிறது என்பதெல்லாம் பற்பத்தின் நுண்மையைத்தான் காட்டும். புடம் (மருந்தை எரித்துப் பக்குவம் செய்வது) குறைந்திருந்தால் அதைப் பிடிப்பது அபுனர்பவச் சோதனை: தேன், நெய், குன்றிமணி, வெங்காரம் (போராக்ஸ்) முதலியவற்றோடு சூடாக்கும்போது உலோகம் மீண்டு வரக் கூடாது. இது தயாரிப்பாளர் செய்ய வேண்டியது, வீட்டில் முயலாதீர்கள்.

சாப்பிட்டபின் வாந்தி, கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் கண்டால் மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவிளைவுப் புகாரை சரிதா விஹாரிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பலாம். லேபிள் குறை என்றால் டெல்லி அரசின் ஆயுஷ் இயக்குநரகம். ரசீதையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் இல்லாமல் ஆய்வாளரால் அதே தயாரிப்பைத் தேடிப் பிடிக்க முடியாது.