போர் இல்லாத ஆட்டம் போர் அடிக்காதா?

யானை பத்தே நிமிடத்தில் செத்துப்போனது.

போன அரையாண்டு விடுமுறையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தேன். பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஒரு ஆட்டம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ராகி அறுப்புக் காலம், காட்டிலிருந்து யானை இறங்குகிறது, ஊரார் விடியும்வரை ராகி வயலைக் காக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. யானைக்கென்று வைத்திருந்த அட்டையில் 'உயிர் 40' என்று எழுதியிருந்தேன். அக்கா மகன் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அரிவாள்ல ஒரு வெட்டு வெட்டினா எத்தனை போகும்?"

யோசிக்காமல் ஐந்து என்றேன். அப்படியானால் எட்டு வெட்டு என்று அவன் கணக்குப் போட்டான். மூன்று பேர், மூன்று சுற்று, முடிந்தது கதை. இத்தனைக்கும் நிஜத்தில் தாத்தாவோடு காவல் பரணில் உட்கார்ந்து யானையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவன் அவன். தப்பு அவன் மேல் இல்லை. நாற்பது என்று ஒரு எண்ணை எழுதிவைத்து, அதைக் குறைக்க ஒரு வழியையும் காட்டிவிட்டால் யாராக இருந்தாலும் குறைக்கத்தான் செய்வார்கள்.

இந்த வகை ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது ஊரறிந்த பெயர்; நான் கதையாட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். நாலைந்து பேர் பாயைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், பரிசலைக் காணோம், என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். செய்வதை வாயால் சொன்னால் போதும். அது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும்.

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் போர்ப் பயிற்சி. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி, பகடை போட்டுச் சேதத்தைக் கணக்கிடும் ஒரு ஆட்டத்தை வெளியிட்டார். அதிகாரிகளுக்கு அது பாடம். அந்த வழியில் வந்த பொம்மைப் படை ஆட்டங்களிலிருந்துதான் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். படைப்பிரிவு இருந்த இடத்தில் தனி ஆள் வந்தான், சிப்பாய் இருந்த இடத்தில் மந்திரவாதி வந்தான். ஆனால் யார் யாரை எவ்வளவு அடித்தார்கள் என்ற கணக்கு அப்படியே தங்கிவிட்டது. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்திலிருந்து இது பிறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதில் பதினைந்து ஆடுகளுக்கும் வெட்டும் உரிமையே கிடையாது. சேர்ந்து நின்று மூன்று புலிகளையும் நகரவிடாமல் கட்டிப்போட்டால் ஆடுகள் ஜெயித்த மாதிரி.

விதிதான் ஆளை ஆட்டிவைக்கிறது என்பதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸே நல்ல சாட்சி. அதன் ஆரம்பகாலப் பதிப்புகளில் பாதாளக் குகையிலிருந்து ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி; பாத்திரம் வளர்வது அந்தப் புள்ளியை வைத்துத்தான். பூதத்தைக் கொன்று சேர்ப்பதைவிடப் புதையலில் சேரும் புள்ளி அதிகம். விவரமான ஆட்டக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்? பூதம் தூங்கும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே லாபம் என்று கண்டுகொண்டார்கள். பிற்காலப் பதிப்புகளில் காசுக்கான புள்ளி பின்னுக்குப் போய், எதிரியை வீழ்த்துவது முன்னுக்கு வந்தது. ஆட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான், புள்ளி கிடைக்கும் இடம்தான் மாறியது.

சரி, சண்டையை எடுத்துவிட்டால் ஆட்டம் சாந்தமாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அரிவாளை எடுத்துவிட்டேன், உயிர் எண்ணையும் அழித்துவிட்டேன். பிள்ளைகள் கால்மணி நேரம் கதைக்குள் ஊர் சுற்றினார்கள், களி தின்றார்கள், அப்புறம் கொட்டாவி விட்டார்கள். பந்தியில் பாயசத்தை மட்டும் பரிமாறினால் எத்தனை கை நீளும்?

சண்டை ஒரு ஆட்டத்தில் சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பை அது தருகிறது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முறை வருகிறது. எதையாவது இழக்கவேண்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது முடிந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது. சண்டையைத் தூக்கினால் இந்த நாலு வேலைக்கும் வேறு ஆள் போட வேண்டும். இதமான ஆட்டங்களைச் செய்கிறவர்களின் திறமையெல்லாம் இந்த ஆள் பிடிப்பதில்தான் இருக்கிறது.

தவிப்புக்கு ஜப்பானியர்கள் பிடித்த ஆள் வழிநடை. 2007-ல் வந்த 'ரியூதமா'வில் சண்டை விதிகளும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் பெரும் பாரம் நடைதான். காலையில் எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு உருட்டல், பிறகு நடைக்கு, திசைக்கு, இரவு தங்குவதற்கு என்று தனித்தனி உருட்டல். நிலம் எவ்வளவு கரடு, வானம் எப்படி என்ற இரண்டையும் கூட்டினால் எட்டவேண்டிய எண் வந்துவிடும். மழைநாளில் அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் நடந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஆள் கிடைத்தது அக்கா வீட்டுப் பரணில்: பித்தளைத் தாயக்கட்டை. அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஆட்டத்தின் குணம் பகடையில்தான் இருக்கிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உருட்டுவது இருபது முகப் பகடை. ஒன்று விழவும் இருபது விழவும் வாய்ப்பு ஒன்றுதான், நூற்றுக்கு ஐந்து. மேடு பள்ளம் இல்லாத தரை. தாயக்கட்டை அப்படியில்லை. ஒரு கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்று முகம். இரண்டையும் கூட்டுவதுதான் கணக்கு; ஒன்று வந்தால் தாயம், இரண்டுமே வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. இரண்டு கட்டையும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று நாலு தடவையும், இரண்டும் நாலும் மும்மூன்று தடவையும், தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு தடவையும், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு தடவையும் வரும். நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் சரிவு. (எல்லா முகமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அக்கா வீட்டுக் கட்டையில் மூன்று கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. எதிர்த்து ஆடினவர்களுக்குத் தெரியும்.)

இதை மூன்றாகப் பிரித்தேன். எங்கள் பக்கம் மறு உருட்டல் தரும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும், கூடவே எதிர்பாராத நல்லது ஒன்றும் வரும். பதினாறில் ஆறு. மூன்றோ நாலோ விழுந்தால் நடக்கும், ஆனால் அதற்கொரு விலை உண்டு. பதினாறில் ஏழு. இரண்டு விழுந்தால் நடக்காது, கதை வேறு பக்கம் திரும்பும். பதினாறில் மூன்று. வெற்றியா தோல்வியா என்று மட்டும் கேட்கும் பகடை அடிதடிக்குச் சரி. குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், நாம் செய்கிற காரியங்களில் பாதிக்குக் கிட்டே 'நடந்தது, ஆனால்' ரகம்தான். பகடையும் அந்த இடத்தில்தான் அதிகம் விழ வேண்டும்.

இனி யானை. உயிருக்குப் பதிலாக அட்டையில் 'பசி 6' என்றும் 'மிரட்சி 0' என்றும் எழுதினேன். சிலேட்டில் எட்டுக் கோடு போட்டு, அதுதான் ராத்திரி என்றேன். எல்லோருக்கும் ஒரு முறை வந்து போனால் ஒரு கோடு அழியும், யானைக்குப் பசி ஒன்று குறையும், ராகியில் ஒரு பாத்தி போகும். தகரத்தைத் தட்டலாம், வெடி போடலாம், யானை பின்வாங்கும். ஆனால் மிரட்சி ஒன்று ஏறும். மிரட்சி நாலைத் தொட்டால் அது ஓடும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

முதல் இரண்டு கோட்டில் பையன்கள் தகரத்தைத் தட்டித் தீர்த்தார்கள். மிரட்சி மூன்று. அக்கா மகள் அதுவரை வாயே திறக்கவில்லை. "மாமா, அது ஏன் போகமாட்டேங்குது? குட்டி இருக்கா?" என்றாள்.

நான் குட்டியை எழுதவே இல்லை. கட்டையை அவள் கையில் கொடுத்தேன். ஐந்து விழுந்தது. இருக்கிறது, அகழிக்கு அந்தப் பக்கம், ஏற முடியாமல். யானைத் தடுப்பு அகழியைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. தகரம் கீழே போனது. கரையை வெட்டிச் சரிவாக்கினால் குட்டி ஏறிவிடும் என்றான் பக்கத்து வீட்டுப் பையன். முதல் நாள் யானையை வெட்டின என் மருமகன் கேட்டான்: "மாமா, ஒரு கூடை மண்ணு எத்தனை?" அதே கணக்குப்பிள்ளைதான், கழிப்பதற்குக் கிடைத்த எண் மட்டும் வேறு. பன்னிரண்டு கூடை என்றேன். இருக்கிற கோடுகளை எண்ணிப் பார்த்து வேலையைப் பங்கு போட்டான்.

கடைசி உருட்டலில் மூன்று விழுந்தது. குட்டி ஏறிவிட்டது. விலை? அகழி இடிந்து கிடக்கிறது, நாளை ராத்திரி எந்த யானையும் நடந்தே வரலாம். அன்று யாரும் சாகவில்லை, யாருக்கும் அடிபடவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது மூன்று பேரும் அந்த அகழியை யார் மூடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லியாக வேண்டும். நல்லது செய்தால் புள்ளி என்று ஒரு விதி வைத்திருந்தேன். கதையில் வரும் பாட்டிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் ஒரு புள்ளி. ஐந்தாவது செம்பு தண்ணீரோடு மருமகன் பாட்டியைத் துரத்தியபோதுதான் உறைத்தது. இதை உளவியலில் 1973-லேயே சோதித்திருக்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், படம் வரைவதில் தாங்களாகவே ஆசையாக இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதி அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதற்கு மாற்று 2006-ல் வந்த 'யூயாகே கோயாகே' என்ற ஜப்பானிய ஆட்டத்தில் இருக்கிறது. மனித உருவெடுக்கத் தெரிந்த நரியும் பூனையும் ஒரு சின்ன ஊரில் பழகும் கதை, பகடையே கிடையாது. ஒருவர் செய்தது மனதுக்குப் பிடித்திருந்தால் மற்ற ஆட்டக்காரர் அவருக்கு 'கனவு' என்ற வில்லையைக் கொடுப்பார். பரிசு மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வருகிறது, எப்போது வரும் என்றும் தெரியாது. நான் வில்லைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தேன். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? ஒரு கொட்டையைச் செலவழித்தால் இன்னொருவருக்கு விழுந்த இரண்டை மறுபடி உருட்டலாம். தனியாகப் போனால் பதினாறில் மூன்று தடவை காரியம் கெடும். துணை இருந்தால் இரண்டு உருட்டலிலும் இரண்டே விழ வேண்டும். 256-ல் 9, சுமார் 28-க்கு ஒன்று. அண்ணன் தங்கை ஒற்றுமையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர்களாகவே ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பேச்சுக்கு விதி எழுதுவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் வெட்டுக்குத்துக்குப் பக்கம் பக்கமாக விதி, பேசி மசியவைக்க ஒரே ஒரு உருட்டல். இந்த மண்ணுக்கு, பழைய தகடூருக்கு, அது பொருந்தவில்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி நெய் பூசி மின்னுகின்றன என்று புகழ்ந்தாள். எங்கள் அரசனின் வேல்களோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். எதிராளிக்கு எதில் பெருமை என்று முதலில் பார்த்தாள், அந்தப் பெருமையையே அவன் பயமாக்கினாள். அதனால் என் ஆட்டத்தில் பேசுவதற்கு முன் எதிராளியின் ஆசை ஒன்றையும் பயம் ஒன்றையும் கண்டுபிடித்தாக வேண்டும், பிறகுதான் கட்டை. ஓரளவு வேலை செய்கிறது. வளவளவென்று பேசுகிற பிள்ளைக்கு இன்னும் சாதகமாகவே இருக்கிறது.

முடிவுக்குப் பருவத்தையே வைத்துக்கொண்டேன். ராகியை அறுத்து, ரோட்டில் பரப்பி, வண்டி ஏறி உதிர்ந்து, தாளைக் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. கடைசி நாள் வரைபடத்தில் வீட்டுக்குப் பின்னால் மருமகன் பெரிதாக ஒரு குவியல் வரைந்தான்.

"போரே இல்லாத ஆட்டம்னு சொன்னீங்களே மாமா. இது என்னவாம்?"

ராகித்தாள் போர். அதற்குள் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்றான். யார் என்று சொல்லாமல் கட்டையை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். அவள் கையில் ஒரே ஒரு புளியங்கொட்டை மிச்சமிருந்தது.