மூடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இன்சுலின் எடுங்கள்

வார்டில் மருந்து மாறிப்போனால் உடனே நர்சின் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். கவனக்குறைவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல வருடமாக நான் பார்ப்பது வேறு: மருந்தை சிரிஞ்சில் ஏற்றும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிடுச்சு" என்று ஒருவர் கூப்பிடுவார், போன் அடிக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கேஸ் ஷீட் கேட்பார், எல்லாம் முடித்துத் திரும்பினால் ட்ரேயில் பெயர் எழுதாத இரண்டு சிரிஞ்சு கிடக்கும். ஒன்று வாந்திக்கான எமிசெட், இன்னொன்று வலிக்கான டிரமடால், இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஞாபகத்தை நம்பிப் போடாதீர்கள். இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள், ஏற்றிய கையோடு பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது இன்சுலின்தான். நம் ஊரில் 1 மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நைட் டியூட்டியில் இன்சுலின் பென்னுக்கான ஊசி தீர்ந்துவிட்டது என்று, பென்னில் இருக்கும் 100 யூனிட் மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜிலேயே சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25. விடியற்காலையில் அந்த நோயாளி வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடப்பார். அதனால் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சு போடவே போடாதீர்கள். டாக்டர்களும் யூனிட் என்பதை முழுசாக எழுத வேண்டும், 4-க்குப் பக்கத்தில் அவசரமாகக் கிறுக்கிய ஆங்கில 'U' எழுத்து சைபராகத் தெரிந்து 40 ஆகிவிடும்.

அடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் ட்ரிப்பில் கலந்து ஏற்றும் பொட்டாசியம் குளோரைடு. ஊசி மருந்தைக் கலக்க எடுக்கும் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூலும் இதுவும் ஒரே சைஸ். நீர்க்காமல் நரம்பில் நேராகப் போட்டால் இதயம் நின்றுவிடும். அடர்த்தியான இந்தக் கரைசலை வார்டிலிருந்தே எடுத்துவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே வழிகாட்டியிருக்கிறது, ஆனாலும் இரண்டையும் ஒரே டிரேயில் போட்டு வைக்கும் வார்டுகள் இன்னும் இருக்கின்றன. தனியாகப் பூட்டி வையுங்கள், இன்னொரு நர்சைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் கலக்குங்கள்.

போனில் ஆர்டர் வந்தால் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். டாக்டர் எரிச்சல்பட்டால் படட்டும்.

மேட்ரன்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தவறாக எடுத்துவிட்டு, போடுவதற்கு முன்பே கண்டுபிடித்த பெண் தானாக வந்து சொன்னால், அவள் கையில் மெமோவைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்தமுறை அந்த வார்டில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆம்பூல்களும் அதே டிரேயில்தான் கிடக்கும்.

நோயாளியோடு இருப்பவர்களே, மருந்து ஏற்றும்போது நர்சைக் கூப்பிடாதீர்கள். அப்புறம், ஊசி போட வந்ததும் நோயாளியின் பெயரை நீங்களாகவே முழுசாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதையும் ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்லுங்கள்.