கிரேப்ஃப்ரூட் வாங்கும் முன் மாத்திரைப் பையைப் பாருங்கள்

கொலஸ்ட்ரால் குறையட்டும் என்று தினமும் இளஞ்சிவப்பு கிரேப்ஃப்ரூட் சாறு குடித்துவிட்டு, தொடை வலிக்குத் தைலம் கேட்டு வருபவர்களை மருந்துக்கடையில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கடைசியாக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன். அவர் பையைத் திறந்தால் கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். தைலத்தைக் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

பழத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 100 கிராமில் ஏறக்குறைய 42 கலோரிதான், வைட்டமின் சி 31 மில்லிகிராம். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன்தான் இதற்கும் நிறம் தருகிறது. சுளையாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் உண்டு. மாத்திரை எதுவும் எடுக்காதவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். உடல் கொழுப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள்.

எல்லாரும் என்னிடம் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சாறு காலையில, மாத்திரை ராத்திரி. நடுவுல பன்னிரண்டு மணி நேரம் இருக்கே!" இருந்தும் பயனில்லை. சிம்வாஸ்டாட்டின் விழுங்கியது அத்தனையும் ரத்தத்தில் சேர்வதில்லை. குடல் சுவரிலுள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதையும் கணக்கில் வைத்துத்தான் மருந்தின் அளவே. கிரேப்ஃப்ரூட்டிலுள்ள ஃபுரானோகூமரின்கள் என்ற சேர்மங்கள் அந்த நொதியை அழித்துவிடுகின்றன. சாறு செரித்துப் போனாலும் நொதி திரும்பி வராது. குடல் புதிதாக உண்டாக்க வேண்டும், அதற்கு ஒன்று முதல் மூன்று நாள்வரை ஆகும். நீங்களோ மறுநாள் காலையிலேயே அடுத்த கிளாஸைக் குடித்துவிடுகிறீர்கள். ஒரே மாத்திரைதான், ரத்தத்தில் பல மடங்கு ஏறுகிறது. ஒரு முழுப் பழமோ 200 மில்லி சாறோ இதற்குப் போதும்.

அதன் விளைவுதான் தசை வலி. முற்றினால் தசை சிதைந்து, சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போகும், சிறுநீரகமும் கெடும். அப்படிக் கண்டால் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், ஃபெலோடிபின் எடுப்பவர்களும் கவனியுங்கள். 1989இல் கனடாவில் ஃபெலோடிபின் ஆய்வில்தான் இந்த விவகாரமே தற்செயலாக வெளியே வந்தது. உறுப்பு மாற்று செய்துகொண்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்கள் இந்தப் பழத்தைத் தொடவே வேண்டாம்.

சீனப் புத்தாண்டுக்குக் குவியும் பொமெலோவிலும் இதே சேர்மங்கள் இருப்பதால், அதற்கும் இதே எச்சரிக்கைதான். பக்கத்து வீட்டார் தரும் மாண்டரின் ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை.

தயவுசெய்து பழத்துக்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது, "கிரேப்ஃப்ரூட் சாப்பிடுவேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் போன்ற வேறு கொலஸ்ட்ரால் மாத்திரைகள் இந்த நொதியை நம்பி இல்லை. உங்களுக்கு ஒத்துவந்தால் அவரே மாற்றித் தருவார்.