ஹாஃப்வே ஹோமில் சேர்க்கும் முன் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்?

மகனுக்கு மாற்றுத் துணி கொண்டுவந்த ஓர் அம்மாவை, "மூணு மாசத்துக்குப் பார்க்க விடமாட்டோம்" என்று மறுவாழ்வு மையத்தின் கேட்டிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மகனுக்குக் கட்டாயமாக மொட்டை அடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டுமே சட்டப்படி தப்பு என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. மறுவாழ்வு மையமோ, சிகிச்சை முடிந்தவர் வீடு திரும்பும் முன் தங்கும் ஹாஃப்வே ஹோமோ, இவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தை நீட்டுவார்கள். அரசு முத்திரையைப் பார்த்ததும் நம்பிவிடுவோம். அது வேறு, இது வேறு. சான்றிதழில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

அடுத்து மாட்டுவது கையெழுத்தில். பாதிக்கப்பட்டவரே விரும்பிச் சேர்ந்திருந்தால், போகிறேன் என்றதும் விட வேண்டும். பரிசோதிக்க வேண்டுமென்று 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். குடும்பத்தார் சேர்ப்பதென்றால், அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள் வரைதான். நடப்பதோ வேறு: "ஆறு மாச கோர்ஸ்" என்று முன்பணமும் வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். போடாதீர்கள்.

ஹாஃப்வே ஹோம் சிகிச்சைக்குப் பிறகுதான், அதற்குப் பதிலாக அல்ல. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. கை நடுங்கும் ஆளை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

சரி, உள்ளே கொடுமை நடக்கிறது, யாரிடம் போவது? போலீஸில் "குடும்ப விஷயம்" என்பார்கள். சுகாதார அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். இப்படியே ஒரு வாரம் ஓடிவிடும், ஆள் உள்ளேயே கிடப்பார். நீங்கள் போக வேண்டியது மனநல மறுஆய்வு வாரியத்துக்கு; இதே சட்டப்படி இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அமைப்பு அது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 89ஆம் பிரிவின் கீழ், அதாவது மேலே சொன்னபடி குடும்பத்தார் மூலம், சேர்த்ததை எதிர்த்து மனு போட்டால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி கேளுங்கள், எண் 15100. அப்புறம், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த ஆபீஸை விட்டு நகராதீர்கள்.